‘போட்டோ மாதிரியே இருக்கு’ என்ற பாராட்டு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காட்டுயிர்களை மட்டுமே வரையும் ஓவியர் ஒருவரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இப்படியொரு துறை இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ‘வனவிலங்கு ஓவியர்’ என்று போடாமல் ‘காட்டுயிர் ஓவியர்’ என்று தலைப்பிட்டதும் நிறைவாக இருந்தது. பறவையும் பாம்பும் தட்டானும் ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள் சுலபமாக அடங்குவதில்லை.

ஆனால் அந்த ஓவியரை அளக்கக் கட்டுரை கையில் எடுத்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: ‘போட்டோவா ஓவியமா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.’ ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக வரைந்தார், ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் உழைத்தார் என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. எந்த வண்ணம், எதன் மேல், என்ன அளவு, அந்த உயிரை அவர் எங்கே எப்படிப் பார்த்தார் என்று ஒரு வரி கிடையாது. கூடவே அச்சாகியிருந்த யானைப் படத்தைப் பாருங்கள். உச்சந்தலையில் இரட்டை மேடு, சிறிய காது, வளைந்து உயர்ந்த முதுகு. எல்லாம் ஆசிய யானை. தும்பிக்கை நுனியில் மட்டும் மேலும் கீழுமாக இரண்டு விரல்கள். அது ஆப்பிரிக்க யானைக்கு உரியது. ஆசிய யானைக்கு மேல்பக்கம் ஒரே ஒரு விரல்தான். தோல் சுருக்கத்தை ஒன்று விடாமல் தீட்டிய கை இங்கே சறுக்கியதற்குக் காரணம், இரண்டு வேறு யானைகளின் போட்டோக்களை ஒட்டி வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும். முடியை எண்ணிப் பாராட்டிய கட்டுரை விரலை எண்ணாமல் விட்டுவிட்டது.

அந்த ஓவியரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்தத் துறையில் அறிவு எங்கே இருக்கிறது, கால் எங்கே வழுக்கும் என்பதை வாசகர்களும், வரையத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் போட்டோவையே எடுத்துக்கொள்வோம். அது உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்ற நம்பிக்கைதான் முதல் பள்ளம். தொலைவில் நிற்கும் புலியை 600 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் ஆழம் சப்பையாகிவிடும். மூக்குக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கி முகம் தட்டுபோல் தெரியும். பின்னுடல் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கைப்பேசியில் கிட்டத்தில் எடுத்தாலோ மூக்கு பெருத்து, காது சிறுத்து, கால்கள் குட்டையாகும். நண்பகல் வெயிலில் எடுத்த படத்தில் வயிற்றடி நிழல் ஒரே கறுப்பாக விழுந்திருக்கும். நேரில் பார்க்கும் கண்ணுக்கு அந்த நிழலுக்குள் இரண்டு நிறங்கள் தெரியும். முதுகை ஒட்டிய பகுதியில் வானத்தின் நீலச் சாயல், வயிற்றில் மண்ணிலிருந்து எதிரொளித்த செம்மை. போட்டோவை அச்சு அசலாகப் படியெடுப்பவர் அங்கே கறுப்பை அப்புகிறார். விலங்கு அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. நல்ல காட்டுயிர் ஓவியர் போட்டோவைக் குறிப்புச்சீட்டாக மட்டும் வைத்துக்கொள்வார். லென்ஸ் செய்த கோணலைத் திருத்த அவருக்கு எலும்பும் தசையும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் முதலில் தேவைப்படுவது கால்களில். நாலுகால் விலங்கு நடக்கும்போது பாதங்கள் தரையில் படும் வரிசை இது: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். மெதுநடையில் எப்போதும் இரண்டு அல்லது மூன்று பாதங்கள் தரையில் இருக்கும். சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு பக்கத்தில் பின்பாதம் முன்னேறி வந்து, கிளம்பப்போகும் முன்பாதத்தைக் கிட்டத்தட்டத் தொடுகிறது என்றால், அந்தக் கணத்தில் மறுபக்கத்துக் கால்கள் இரண்டும் அகன்று விரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரிந்திருந்தால் அந்த மான் நடக்கவில்லை, சாய்த்துவைத்த பொம்மை. 2012இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் ஆயிரம் சித்திரிப்புகளை எடுத்து இந்த ஒரு விஷயத்தை மட்டும் சோதித்தார்கள். ஓடும் குதிரையின் அசைவை 1878இல் வரிசையாகப் படம்பிடித்த மைபிரிட்ஜுக்கு முந்தைய ஓவியர்களில் பிழை 83.5 விழுக்காடு. அவருக்குப் பிந்தையவர்களில், கேமரா வந்த பிறகும், 57.9 விழுக்காடு. குகைச்சுவரில் தீட்டிய ஆதிமனிதர்களின் பிழை 46.2 விழுக்காடுதான். வேட்டையாடிப் பிழைக்க அந்தக் காலசைவைப் பார்த்தே ஆகவேண்டிய கண்கள் அவை. படக்கருவி கையில் இருப்பவர்கள் அவர்களைவிட அதிகம் தவறுகிறார்கள் என்ற செய்தியை ஒவ்வொரு ஓவியப் பள்ளியிலும் சொல்ல வேண்டும்.

ஓட்டத்திலும் இதே சிக்கல். பழைய ஓவியங்களில் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி அந்தரத்தில் பறக்கும். உண்மையில் நான்கு பாதங்களும் தரையை விட்டிருக்கும் கணத்தில் குதிரையின் கால்கள் வயிற்றுக்கடியில் கூடியிருக்கும். சிவிங்கிப்புலிக்கு இரண்டு நிலையிலும் அந்தரம் உண்டு; கால்கள் கூடியிருக்கும்போதும், முழுக்க நீண்டிருக்கும்போதும். யானைக்கு எந்த வேகத்திலும் நான்கு பாதமும் தரையை விட்டு எழுவதில்லை. ஆகவே ‘ஓடும் விலங்கு’ என்று பொதுவாக ஒன்றை வரைய முடியாது.

யானையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் வரையப்படுவதும் அதிகம் பிழைபடுவதும் அதுதான். முன்பாதம் வட்டம், பின்பாதம் நீள்வட்டம், முன்னது பெரியது. ஆசிய யானைக்குப் பெரும்பாலும் முன்காலில் ஐந்து நகங்கள், பின்காலில் நான்கு. முன்பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழத் தோள் உயரம் கிடைக்கும். காட்டில் தடத்தை வைத்து யானையின் உயரத்தைக் கணிப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு இது. ஓவியத்துக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சுற்றளவு என்பது விட்டத்தைப் போல் மூன்று மடங்கும் சொச்சமும். அப்படியானால் படத்தில் முன்பாதத்தின் அகலத்தைப் போல் ஆறு மடங்குக்குச் சற்று மேலாகத் தோள் உயரம் வர வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் வளர்ந்த யானையை வரைந்து முடித்ததும் ஒரு காகிதத் துண்டில் பாத அகலத்தைக் குறித்துக்கொண்டு மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். எட்டு, ஒன்பது என்று போனால் கால் மெலிந்துவிட்டது. நாலரையில் தோள் வந்துவிட்டால் குட்டையாக்கிவிட்டீர்கள். பின்கால் மடிப்பையும் பார்க்க வேண்டும். குதிரைக்கும் மானுக்கும் பின்காலின் நடுவில் பின்னோக்கித் துருத்தும் மூட்டு உண்டு. அது உண்மையில் கணுக்கால். யானையின் கணுக்கால் தரைக்கு மிக அருகில் இருப்பதால் கண்ணில் படுவது முட்டிதான். அது நம் முட்டியைப் போலவே மடியும். மாட்டைப் பார்த்துப் பழகிய கை, யானைக்கும் மாட்டுக்காலை ஒட்டிவிடும்.

தோல் நிறத்துக்குக் கறுப்பையும் வெள்ளையையும் கலப்பவர்களே அதிகம். அந்தச் சாம்பல் செத்த சாம்பல். அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து, கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் ஒரே கலவையிலிருந்து குளிர்ந்த சாம்பலும் வெதுவெதுப்பான சாம்பலும் கிடைக்கும். மண்ணை வாரி இறைத்துக்கொண்ட யானை எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணின் நிறத்தில் இருக்கும். செம்மண் தரையில் சாம்பல் யானை நின்றால் அது இப்போதுதான் குளித்து ஏறியிருக்க வேண்டும், உடம்பில் ஈரம் மின்ன வேண்டும்.

கேள்வியறிவில் வரைவதற்கும் கண்ணால் பார்த்து வரைவதற்கும் உள்ள தூரத்துக்கு வரலாற்றில் இரண்டு சாட்சிகள் உண்டு. இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குப் போன காண்டாமிருகத்தை ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் பார்க்கவே இல்லை. யாரோ எழுதிய விவரத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்து 1515இல் மரச்செதுக்குப் படமாக்கினார். தோளுக்கு மேல் இல்லாத ஒரு குட்டிக் கொம்பை முளைக்கவிட்டார். தோல் மடிப்பெல்லாம் போர்க்கவசம் ஆயிற்று. கோடுகளின் அழகில் குறையே சொல்ல முடியாது. அதனாலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா அந்தத் தவறான கொம்பைப் படியெடுத்துக்கொண்டிருந்தது. மறுபுறம், ஜஹாங்கீர் அவையின் உஸ்தாத் மன்சூர். அவர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ பறவைப் படம் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அழிந்துபோன அந்தப் பறவை உயிரோடு இருந்தபோது எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்கும் விலங்கியலாளர்கள் மிகவும் நம்புவது அந்தப் படத்தைத்தான். இரண்டுமே போட்டோ போல இல்லை. ஒன்று மட்டும் சாட்சியாக நிற்கிறது.

இனி கண். ஒரு படத்தில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது அந்த ஒரு சதுர அங்குலம். விழியின் நடுவிலுள்ள பாப்பாவின் வடிவமே பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுப்பூனைக்கு நெடுக்குக் கோடு என்பதால் புலிக்கும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். புலி, சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி எல்லாவற்றுக்கும் வட்டப் பாப்பா. நரிக்கும் முதலைக்கும் நெடுக்குக் கோடு. மானுக்கும் ஆட்டுக்கும் கிடைக்கோடு. மானின் விழி அடர்பழுப்பாக இருப்பதால் கிட்டப் போனால்தான் தெரியும்.

கண்ணை வரையும் முறையையும் சொல்லிவிடுகிறேன். விழி ஒரு கோளம். அதை வட்டத் தட்டாக வரையக் கூடாது. மேல் இமையும் இமைமயிரும் விழியின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிழல் போடும். அந்த நிழலை முதலில் போட்டுவிட வேண்டும். வெளிச்சம் இடது மேலிருந்து வந்தால், மின்னல்புள்ளி இடது மேலே விழும். விழிக்குள் புகுந்த ஒளி எதிர்ப்புறம், அதாவது வலது கீழே, நிறத்தை ஒளிரச் செய்யும். புலியின் விழியில் தேன்நிறம் பளிச்சென்று தெரிய வேண்டிய இடம் அந்த வலது கீழ்ப் பிறைதான். மின்னல்புள்ளிக்குத் தூய வெள்ளை போடக் கூடாது. அது வானத்தின் பிரதிபலிப்பு. வெள்ளையில் துளி நீலம் கலக்க வேண்டும். மரங்களுக்கு அடியில் நிற்கும் விலங்குக்கு அந்தப் புள்ளி இலைகளால் உடைந்து இரண்டு மூன்று சிதறலாக இருக்கும். பாப்பாவின் நட்டநடுவில் வெள்ளைப் பொட்டு வைத்தால் கண்ணாடிக்கண் பொம்மை. விழியைச் சுற்றி வெள்ளை காட்டுவது அதைவிடப் பெரிய பிழை. மிரண்டுபோன நேரம் தவிர, பெரும்பாலான விலங்குகளில் விழிவெள்ளை வெளியே தெரியாது. அதைக் காட்டினால் புலிக்கு மனித முகம் வந்துவிடும். கடைசியாகக் கீழ் இமையின் விளிம்பில் ஈரத்தின் ஒளிக்கீற்று, முடி அளவு மெலிதாக. அது இல்லாவிட்டால் கண் உலர்ந்துபோய்த் தோன்றும்.

கட்டுரை வியந்த முடிக்கு வருகிறேன். முடி வரைவதற்குப் பொறுமை போதும் என்று நினைக்கிறார்கள். எங்கே வரையக் கூடாது என்று தெரிவதுதான் வித்தை. தொடங்குவதற்கு முன் கோட்டோவியத்தின் மேல் அம்புக்குறிகளால் முடியோட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூக்குத்தண்டிலிருந்து மேலேறி, நெற்றியில் இரண்டாகப் பிரிந்து, கன்னத்தில் பின்னோக்கிச் சரிந்து, தோளில் சுழித்துக்கொண்டு போகும். நீளமும் இடத்துக்கு இடம் மாறும். மூக்கில் வெல்வெட் போல் குட்டை, புலியின் கன்னத்தில் பிடரி போல் நீளம். பரப்பு முக்கியம். சொரசொரப்பான கேன்வாஸில் மெல்லிய கோடு உடைந்து உடைந்துதான் விழும். மரப்பலகையிலோ அழுத்தப் பலகையிலோ ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடித்தளப் பூச்சை மூன்று நான்கு முறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 400 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் மெல்லிய கோடு வழுக்கிக்கொண்டு போகும்.

அடிப்பூச்சு, முடிவில் வேண்டிய நிறத்தைவிட இரண்டு படி இருட்டாக இருக்க வேண்டும். அதன்மேல் நடுத்தர நிறத்தில் முடிக்கற்றைகள். ஒற்றை முடி இப்போதைக்கு வேண்டாம். பழைய தட்டை பிரஷ்ஷின் மயிரை விரித்துக்கொண்டு இழுத்தால் ஒரே இழுப்பில் பத்துக்கோடு கிடைக்கும். அது காய்ந்தபின் நிறத்தை நீர்க்கக் கலந்த மெல்லிய ஒளிபுகும் பூச்சு ஒன்று, கற்றைகளை ஒன்றோடொன்று இணைக்க. பிறகுதான் ரிக்கர் எனப்படும் நீளமயிர் பிரஷ்ஷும் ஒற்றை முடிகளும். வண்ணம் பேனா மையின் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் கோடு பாதியில் நின்றுவிடும், அதிகம் நீர்த்தால் அடியிலிருப்பது தெரியும். வேரிலிருந்து நுனிக்கு இழுத்து, முடிவில் பிரஷ்ஷைத் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் நுனி கூராகும். அக்ரிலிக் என்றால் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடும், அடிக்கடி கழுவ வேண்டும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்க்கலாம், மிகுந்தால் பூச்சு பிசுபிசுக்கும். எண்ணெய் வண்ணமென்றால் கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் சில ஆண்டுகளில் வெடிப்பு விடும்.

ஒற்றை முடிகளை எங்கே போடுவது? உடலின் ஓரக்கோட்டில், ஒளி நிழலாகத் திரும்பும் இடத்தில், பார்வை நிற்க வேண்டிய முகத்தில். மற்ற இடமெல்லாம் கற்றையாகவே விட்டுவிடலாம். உடம்பு முழுக்க ஒரே கூர்மையில் முடி போட்டால் உருண்டை போய்ச் சப்பட்டையாகும். எல்லாம் ஒரே நீளத்தில் இணைகோடாக இருந்தால் சீப்பால் வாரியதுபோல் இருக்கும். புலிக்கோட்டின் ஓரத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் விடுவதும் வழக்கமான தவறு. ஆரஞ்சு முடிகள் கறுப்புக்குள்ளும் கறுப்பு முடிகள் ஆரஞ்சுக்குள்ளும் புகுந்திருக்க வேண்டும். வயிற்று வெள்ளைக்கு டைட்டானியம் வெள்ளையை முதலிலேயே செலவழித்துவிட்டால் வெயில்படும் இடத்துக்கு மிச்சம் இருக்காது. நிழலில் இருக்கும் வெள்ளை, புல்லின் பச்சையையும் வானத்தின் நீலத்தையும் வாங்கிக்கொண்ட சாம்பல்தான். மீசை கடைசி வேலை. மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து ஒரே இழுப்பு. தயங்கினால் தெரிந்துவிடும். பத்து மீசை இருந்தாலும் இரண்டு மூன்றுதான் பளிச்சென்று இருக்க வேண்டும்.

பறவைகளுக்கு முடிக்கணக்கு உதவாது, இறகுக்கணக்கு வேண்டும். பெரும்பாலான பறவைகளுக்கு வாலிறகு பன்னிரண்டு. மூடிய வாலை மேலிருந்து பார்த்தால் நடு ஜோடி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்; அடியிலிருந்து பார்த்தால் ஓரத்து இறகுகள்தான் தெரியும். சிறகின் ஒவ்வொரு பறக்கும் இறகிலும் காற்றை எதிர்கொள்ளும் பக்கம் குறுகல், பின்பக்கம் அகலம். தண்டை நட்டநடுவில் வரைந்தால் அது எழுதுகோல் இறகு ஆகுமே தவிர பறக்காது. மரங்கொத்திக்கு இரண்டு விரல் முன், இரண்டு பின். மயில்தோகை வாலே அல்ல. வாலுக்கு மேலுள்ள மூடிறகுகள் நீண்டு வளர்ந்தவை. உண்மையான வால் இருபது குட்டைப் பழுப்பு இறகுகள், தோகையைப் பின்னாலிருந்து தாங்கி நிற்கும். தோகை விரித்த மயிலைப் பின்புறமிருந்து யாராவது சரியாக வரைந்திருந்தால் அவர் மயிலைச் சுற்றி நடந்திருக்கிறார் என்று பொருள்.

மீன்கொத்தியின் நீலத்தில் நீலச்சாயம் கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. டியூபிலிருந்து எடுத்த நீலத்தை நேராகப் பூசினால் கதவுக்கு அடித்த பெயின்ட் போல் இருக்கும். அடியில் கிட்டத்தட்டக் கறுப்பான பூச்சு, அதன்மேல் நீலத்தையும் பச்சைநீலத்தையும் மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, மிக இருண்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மிக ஒளிர்ந்த இடத்தை வைத்தால்தான் அந்த மினுமினுப்பு வரும். முத்துப்பொடி கலந்த வண்ணங்களை நம்ப வேண்டாம். ஒரு கோணத்தில் மின்னும், மறு கோணத்தில் தகரம்.

சூழலைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்வீடனின் புரூனோ லில்யெஃபோர்ஸ் (1860–1939) வரைந்த முயலும் பறவையும் புல்லுக்குள்ளும் பனிக்குள்ளும் கரைந்திருக்கும். தேடித்தான் பார்க்க வேண்டும். கனடாவின் ராபர்ட் பேட்மேன் பெரிய நிலக்காட்சியில் ஒரு மூலையில் உயிரை வைப்பார். இருவரும் விலங்கை அதன் இடத்தோடு சேர்த்துப் பார்த்தவர்கள். இடம் தெரியாதவர் பின்னணியைப் பச்சை மூட்டமாக மங்கவிட்டுத் தப்பிக்கிறார், அல்லது ஆப்பிரிக்கக் குடைமரத்தடியில் புலியை நிறுத்துகிறார். பருவமும் ஒத்துப்போக வேண்டும். குளிர்நாட்டுச் செம்மான் கோடையில் மென்தோல் போர்த்திய கொம்போடு இருக்கும். இலையுதிர்காலச் சண்டைக்குள் அந்தத் தோல் உரிந்திருக்கும். தோல் போர்த்திய கொம்போடு இரண்டு செம்மான்கள் மோதுவதாக வரைந்தால் அது நடக்காத காட்சி.

நேர்மை பற்றிய ஒரு விஷயம் கட்டுரையில் வரவே இல்லை. ஓவியர் யாருடைய போட்டோவைப் பார்த்து வரைந்தார்? பிறர் எடுத்த படத்தின் உரிமை எடுத்தவருக்கு. பின்னணியை மாற்றினாலும், இடவலமாகத் திருப்பினாலும் அந்த உரிமை நீர்த்துப்போகாது. எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். எந்தப் படம், ஓர் ஓவியத்துக்கா, அதன் அச்சுப்பிரதிகளை விற்கவும் சேர்த்தா என்று அதில் இருக்க வேண்டும். திருப்பிப்போடுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. புலியின் இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் வேறு வேறு. அவற்றை வைத்துத்தான் தானியங்கிக் கேமராப் படங்களில் ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண்கிறார்கள். திருப்பிப்போட்ட போட்டோவிலிருந்து வரைந்த புலி உலகில் எங்கும் இல்லாத புலி. கணினி தானாக உருவாக்கித் தரும் படங்களைக் குறிப்பாக வைத்துக்கொள்வோர் இப்போது பெருகிவருகிறார்கள். அவற்றில் விரல் கூடியிருக்கும், கோடுகள் தசையோட்டத்தைப் பின்பற்றாமல் எங்கோ போய் முடிந்திருக்கும். ஒரே பறவையில் இரண்டு இனங்களின் இறகு கலந்திருக்கும். உடற்கூறு தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவர் அதை அழகாகப் படியெடுத்துப் பரப்புவார், டியூரரின் கொம்பைப் போல.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில வண்ணங்கள் வெளிச்சத்தில் வெளுக்கும். பழைய அலிசரின் கிரிம்சன், டியூபில் பிஆர் 83 என்று குறித்திருப்பது, அவற்றில் பெயர்போனது. அதை நம்பித் தீட்டிய செந்நிறம் ஆண்டுகள் போகப் போகச் சோகை பிடித்துவிடும். குவினாக்ரிடோன் வகைச் சிவப்புகள் நிலைக்கும். சந்தேகமிருந்தால் ஓவியர் ஒரு தாளில் நிறங்களைப் பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்துப் பார்க்கலாம். அச்சுப்பிரதிகளை ‘ஒரிஜினல்’ என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. கையொப்பமும் எண்ணும் இருப்பதாலேயே அது மூல ஓவியம் ஆகிவிடாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சில் சிறு புள்ளிகள் தெரியும். பிரஷ் இழுத்த தடம் இருக்காது.

விற்பனையில் ஒரு பங்கு ‘காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு’ என்று கட்டுரை முடிகிறது. எவ்வளவு, யாருக்கு என்று இல்லை. இது நடக்கக்கூடிய காரியம்தான். கணக்கோடு நடந்தும் இருக்கிறது. யானைகளை வரைந்து புகழ்பெற்ற பிரிட்டனின் டேவிட் ஷெப்பர்ட் (1931–2017) 1984இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையே அமைத்தார். அமெரிக்காவில் 1934 முதல் நீர்ப்பறவை ஓவியம் தாங்கிய வாத்து முத்திரை (நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய, அஞ்சல்தலை போன்ற வில்லை) ஆண்டுதோறும் வெளியாகிறது. 1949இலிருந்து அந்த ஓவியத்தைத் திறந்த போட்டி மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். முத்திரை விற்ற ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் பறவைகளின் வாழிடத்துக்குப் போகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஓவியரிடம் ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் வாசகருக்கு அந்தத் தொகையும், போய்ச்சேரும் இடமும் தெரிந்திருக்கும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஓர் ஓவியத்தை அச்சிடும்போது படத்துக்கு அடியில் உயிரினத்தின் சரியான பெயர், வண்ண வகை, பரப்பு, அளவு, நேரில் கண்டதா யாருடைய போட்டோவா என்ற விவரம், இவ்வளவும் இரண்டே வரியில் போடுங்கள். காட்டுயிர் தெரிந்த ஒருவரிடம் படத்தை ஒருமுறை காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

அதே பக்கத்தின் கீழே ‘காட்டெருமை’ என்ற விளக்கத்தோடு வந்த படம் காட்டெருமை அல்ல, காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற நிறமும், தோளிலிருந்து முதுகின் பாதிவரை ஓடும் திமில்மேடும், அடியில் மஞ்சளாகவும் நுனியில் கறுப்பாகவும் மேல்நோக்கி வளைந்த கொம்பும் அதற்குரியவை. காட்டெருமையின் கொம்பு பக்கவாட்டில் அகன்று பின்னோக்கிப் போகும். முதுகில் அந்த மேடு இருக்காது. ஓவியர் இதைத் துல்லியமாக வரைந்திருக்கிறார். பிழை படவிளக்கத்தில்தான். யானையின் விரலுக்கும் இந்தப் பெயருக்கும் சேர்த்து அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்டுயிர் ஓவியத்தில் ஈடுபாடுள்ள ஒரு வாசகர்